தோளில் ஏறாத இகுவானா

ஓய்வு பெற்ற பிறகு டாக்டருக்கு இரண்டு ஆசைகள் வந்தன. ஊரில் ஒருத்தரும் வளர்க்காத பிராணியை வளர்க்க வேண்டும். மருத்துவர் சங்கக் கூடத்தில் தன் படம் தொங்க வேண்டும். முதல் ஆசைக்காக இரண்டு இகுவானாக்களை வாங்கி வந்தார். பச்சை உடம்பு, தாடையின் கீழே தொங்கும் தோல், முதுகில் சீப்புப் பல் போல முள்வரிசை. வாலோடு சேர்த்தால் ஆள் நீளம்.

"வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்ட கதைம்பாங்க. அப்பா ஓணானோட பாட்டனையே கூட்டிட்டு வந்துட்டாரு" என்று சிரித்துவிட்டு மகன் ஆபீசுக்குப் போய்விட்டான். மடி என்னவோ மருமகளுடையது.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விடு என்று மாமனார் வாய் திறந்து சொல்லவில்லை. "வாயில்லா ஜீவன். பகல்ல யாராவது வீட்டுல இருக்கணுமே" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் 'யாராவது' என்றால் அவள்தான். விட்டாள்.

ஆரம்பத்தில் அவற்றைக் கண்டாலே குமட்டியது. பெரியது ஒருநாள் வாலால் வீசியதில் முழங்கையில் வரி வரியாகத் தடித்துப் போனது. ஆனாலும் தினம் கீரை நறுக்கினாள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தாள், உரிந்து வரும் தோலை மெதுவாக எடுத்துவிட்டாள், சூட்டு விளக்கைக் கவனித்தாள். டாக்டர் வைத்த பெயர்கள் மகாராஜா, மகாராணி. அவளுக்கு அவை பெரியவன், சின்னவள். ஒரு மழை நாளில் பெரியவன் அவள் முதுகில் ஏறி, தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். துணி மடிக்க வந்தவள் அப்படியே அசையாமல் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள்மேல் நம்பி யாரும் சாய்ந்ததில்லை.

இரண்டாவது ஆசைக்கு ஓவியர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள், நகக்கண்ணெல்லாம் வண்ணம். டாக்டர் கோட்டும் டையுமாக நாற்காலியில் அமர்ந்து, "ஒண்ணு தோள்ல, இன்னொண்ணு மடியில. அதுங்களுக்கு என்னை விட்டா ஆளில்ல" என்றார்.

தோளில் வைத்ததும் பெரியவன் உடம்பை உப்பிக்கொண்டான். வால் சுழன்றது. டாக்டரின் கன்னத்தில் நகக்கீறல் விழுந்தது.

"மூட் சரியில்ல இன்னிக்கி" என்றார் டாக்டர், பஞ்சால் ஒற்றியபடி.

மறுநாளும் மூட் சரியில்லை. அதற்கு அடுத்த நாளும்தான். கடைசியில் ஓவியர்தான் வழி சொன்னார்: டாக்டரின் கோட்டைப் போட்டுக்கொண்டு மருமகள் உட்காரட்டும், பிராணிகளை வரைந்துகொள்ளலாம், முகத்துக்கு டாக்டர் தனியாக உட்கார்ந்தால் போதும்.

அப்படித்தான் அவள் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டில் மாமனாரின் சென்ட் வாசனை. பெரியவன் தோளில் சொக்கிக் கிடந்தான். சின்னவள் மடியில் அவள் விரலடியில் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள்.

"இதுங்க உங்க பிள்ளைங்கதாம்மா" என்றார் ஓவியர். "ஓரமா உங்களையும் போட்டுடட்டுமா?"

அவள் சின்னவளின் கழுத்தை வருடினாள். "மாமாவைக் கேளுங்க" என்றாள்.

மாமா சிரித்தார். "இது குடும்பப் படம் இல்லம்மா."

படம் முடிந்த அன்று டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முகம் நன்றாக வந்திருந்தது. இகுவானாக்கள் மூச்சு விடுவது போலவே இருந்தன. மடியில் இருந்த கையில் போய் அவர் விரல் நின்றது.

"கை என்ன பொம்பளைக் கை மாதிரி இருக்கு?"

ஓவியர் மருமகளை ஒரு தரம் பார்த்தார். "மாத்திடறேன் சார்" என்றார். மாற்றும்போது அவளைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் பிழைப்பு. ஆனாலும் மெல்லிய விரல்கள் மறைந்து, அந்த இடத்தில் தடித்த விரல்களும் மோதிரமும் வந்தபோது, யாரோ தன்னைத் துடைப்பது போல அவளுக்கு இருந்தது.

சங்கக் கூடத்தில் திறப்பு விழா. கணவனின் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "முரட்டுப் பிராணிகூட டாக்டர் கைக்கு அடங்குது பாருங்க" என்று தலைவர் மேடையில் பேசினார். கணவனும் கை தட்டினான்.

பெயர் வந்தாயிற்று. அடுத்த மாதமே வீட்டில் நாற்றம் அடிக்கத் தொடங்கியது, அதாவது டாக்டரின் மூக்குக்கு. தனியார் உயிரியல் பூங்கா ஒன்றுக்குப் போன் செய்தார்.

"அனுப்பப் போறீங்களா மாமா?"

"அதான் படத்துல இருக்கே. உனக்கும் வேலை மிச்சம்."

வேனோடு வந்த ஆட்களிடம் இரண்டும் சீறின. வேறு வழியில்லாமல் மருமகளைக் கூப்பிட்டார்கள். பெரியவன் வழக்கம்போல அவள் தோளில் தாடையை வைத்தான். அவள்தான் அவனைப் பிரித்தெடுத்துப் பெட்டிக்குள் விட்டாள். சின்னவளையும் அவளேதான் விட்டாள்.

"என்ன சாப்பிடும் சார்?" என்று டிரைவர் கேட்டான். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"மாமாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

"கீரை, கேரட்டு... எதைப் போட்டாலும் தின்னும்" என்றார் அவர்.

வேன் கிளம்பும் வரைதான் அந்த வீம்பு நின்றது. பசியில் கிடக்கப்போவது அவரா என்ன? ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினாள். பசலை அதிகம் கூடாது, செம்பருத்திப் பூ என்றால் உயிர், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"சரிங்க மேடம்" என்றான் டிரைவர், போனில் வழி பார்த்துக்கொண்டே.

பழைய வேலைக்காகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பார்த்தாள். அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்து வெகுநாளாகிவிட்டதாம். அன்று சாயங்காலம் டாக்டர் காலியான அறையை அளந்துகொண்டிருந்தார்.

"பெரிய மீன் தொட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன்."

"யாரு மாமா தண்ணி மாத்துறது?"

"இதென்னம்மா கேள்வி?" என்றார் அவர், டேப்பின் மறுமுனையை அவளிடம் நீட்டியபடி.