தொட்டிலுக்கு ஆகாத துணி

மீராசாஹிப் ஒரு துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துணிக்கே வெட்கம் வந்துவிடும் என்று இரத்தினபுரிக் கடைத்தெருவில் சொல்வார்கள். கோணிச்சாக்கைக் கையில் கொடுத்தாலும், அது எந்த ராணிக்காக நெய்யப்பட்டு எந்தக் கப்பலில் வழி தவறி வந்தது என்று கால் மணி நேரம் சொல்லக்கூடிய வாய் அது. முதுகில் பொட்டணித் துணிமூட்டை, கையில் குடை, இந்த வாய். இவ்வளவும்தான் அவன் முதல்.

அந்த வருடம் களுகங்கை வெள்ளம் ஊருக்குள் ஏறி, மூன்று நாள் கடைகளில் குடியிருந்துவிட்டுப் போனது. முக்தார் ஹாஜியார் கடையின் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். மீராசாஹிப் மூக்கைப் பிடித்துக்கொண்டு நெருங்கினான். ஒரு மூட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்து அலசி, கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்தான். பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுச் சீர் போல இருந்தது.

மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி கைருன்னிஸாவுக்கு, கைக்குழந்தையின் தொட்டிலுக்கு என்று ஒரு சிவப்புத் துண்டு பிடித்துப்போயிற்று.

"இதில நம்மட புள்ளக்கி ஏணை கட்டுவமா? பழைய கைலியில கிடந்து அதுவும் அலுத்துப் போய்ட்டு."

"அது வாணாம்."

"ஏன், சிவப்பு ஒங்களுக்குப் பிடிக்காதா?"

"வாணாமெண்டா வாணாம். மடிப்பு உளுத்து ஈக்கி. புள்ள கிடக்கிறதுக்கு அது சரிவராது" என்று அதை வாங்கிப் பொட்டணியின் மேல்தட்டில் வைத்தான்.

அப்போது மனம் உறுத்தவில்லை. சட்டை தைக்கலாம், தலைப்பாகை கட்டலாம், சாமி படத்துக்குத் திரை போடலாம். கிழிந்தால் என்ன, கிழிகிற துணிதானே வியாபாரியைத் திரும்பக் கூப்பிடுகிறது.

றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பொட்டணியை அவிழ்த்தான். அவன் குரல் மூன்று லயத்துக்குக் கேட்கும். பெண்கள் கூடினார்கள். வரிசையின் கடைசி அறையான காம்பராவிலிருந்து அழகம்மா, ஐந்து மாதப் பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பழஞ்சேலையில் தொட்டில் கட்டுவதுதான் வழக்கம். அவளிடம் இருந்ததோ இரண்டு சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

அவள் கை நேராகச் சிவப்புக்குத்தான் போனது. லயத்தில் எல்லோருக்கும் அவன் 'நானா', அண்ணன்.

"தொட்டிலு கட்ட நானா. தாங்குமா? இவன் ஒதைக்கிறது சாதாரண ஒதையில்ல."

பொட்டணியின் அடியில் பழுப்பு நிறத்தில் கெட்டித் துணி ஒன்று இருந்தது. அழகில்லை, ஆனால் மாட்டைக் கட்டி இழுத்தாலும் அறாது. 'இது வேணாம் தங்கச்சி, அதை எடு' என்றால் முடிந்தது. அந்த வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. ஆனால் மீராசாஹிப்பின் நாக்கு எப்போதும் அவனுக்கு முன்னே ஓடிப் பழகியது.

"தொட்டிலுக்கா! தொட்டிலுக்கெண்டே நெய்தது தங்கச்சி இது. கேளு சத்தத்தை!"

இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று சுண்டினான். டப் டப் என்று வெடித்தது. அது கஞ்சியின் சத்தம். நூலுக்கு அவ்வளவு பேச வராது.

அவள் விலையைப் பாதியாக்கினாள். அவன் தலையில் கைவைத்தான். "என்ட புள்ளைங்க பட்டினி கிடக்கட்டும், ஒன்ட புள்ள தூங்கட்டும். எடு!" என்றான். வென்றுவிட்ட முகத்தோடு அவள் போனாள். பக்கத்தில் நின்றவள் "நானாவையே கவுத்துட்டாளே!" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அடுத்த மாதம் அவன் போனபோது, அவன் கூவியும் அழகம்மா வரவில்லை. அவள் புருஷன் செல்லையாதான் வாசலில் நின்றான். உள்ளே பையன் தொடையில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தது.

"தொட்டிலு கட்டின ஆறாம் நாளு" என்றான் செல்லையா. "இவ தண்ணி புடிக்கப் பீலிக்குப் போயிருக்கா. அம்மிமேல விழுந்திருக்கான். நல்லவேளை தலை தப்புச்சு. கூரை வளையில கயிறு கட்டி, கயித்துல சீலையைக் கட்டணும். இது பச்சப்புள்ளைக்கும் தெரியும். இவ சீலையை நேரா வளையில போட்டு முடிஞ்சிருக்கா. மரம் அறுத்துப்புடுச்சு. லயமே சிரிக்குது."

அழகம்மா உள்ளே போய்க் கிழிந்த சிவப்பை எடுத்து வந்து மீராசாஹிப்பின் கையில் வைத்தாள். கண்ணடியில் கருவளையம். விழுந்த நாளிலிருந்து பையன் மடியைவிட்டு இறக்கினால் திடுக்கிட்டு அலறுகிறான், அவளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறாள் என்று பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள்.

"நீங்க துணி தெரிஞ்சவங்க நானா. பார்த்துச் சொல்லுங்க. மரம் அறுத்துச்சா, துணி விட்டுச்சா? இவருக்கு முன்னாலயே சொல்லுங்க."

அவன் பார்த்தான். பார்க்கவே தேவையில்லை. மரம் அறுத்திருந்தால் நூல்முனை வெட்டுப்பட்டிருக்கும். இது மடிப்போடு மடிப்பாக விட்டிருந்தது. கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தான். நூல் மாவாக உதிர்ந்தது. சட்டென்று கையை மூடிக்கொண்டான்.

லயத்துப் பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். இந்தத் தோட்டம் போனால் பக்கத்துத் தோட்டமும் போகும், செய்தி அவனுக்கு முன்னால் மலை ஏறிவிடும். அவனுக்கு நாலு பிள்ளைகள். நாக்கு வழக்கம்போல முன்னே ஓடியது.

"மரம்தான் போல ஈக்கி தங்கச்சி. கயிறு போட்டிருக்கணும்."

"கேட்டியா?" என்றான் செல்லையா.

அழகம்மா துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. மூடியிருந்த கையைத்தான் பார்த்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஏணை ஆடும் சத்தம் அவனுக்கு ஆகாமல் போனது. கைருன்னிஸா பாடி ஆட்டும்போது, பகலிலேயே எழுந்துபோய்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பான். "இப்பதானே பாத்தீங்க!" என்பாள் அவள். ஒரு நாள் சும்மாயிருக்காமல், "அந்தச் சிவப்பு யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள். அவன் எழுந்து மறுபடி கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

அவன் றக்வானைப் பக்கம் போகவில்லை. போகாமலிருக்க ஆயிரம் காரணம். மழை, கால்வலி, கடன்காரச் சகலை. ஒருவரும் கேட்காத காரணங்களை எல்லோரிடமும் சொன்னான். ஐந்து மாதம் போயிற்று. ஒரு காலை, பொட்டணியில் அந்தப் பழுப்புத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு மலை ஏறினான். செல்லையாவுக்கு முன்னால், லயத்துக்கு முன்னால், சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான்.

காம்பராவில் வேறு குடி. அழகம்மாவைச் செல்லையா அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டானாம், அரநாயக்கப் பக்கம். 'புள்ள வளர்க்கத் தெரியாதவ' என்று சொல்லியே அனுப்பினானாம்.

அரநாயக்க அவன் வியாபாரம் போகாத ஊர். இரண்டு பஸ் மாறி, ஒரு மலை நடந்து, மறுநாள் மத்தியானம் அந்த ரப்பர் தோட்டத்து லயத்தைக் கண்டுபிடித்தான். அழகம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்குமுன் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா நானா. இப்பத்தான் கண்ணு அசந்தான்."

உள்ளே வெறுந்தரையில், நடு அறையில், சாக்கு விரித்துப் பையன் தூங்கினான். சுற்றிலும் ஒரு சட்டி பானைகூட இல்லை. அம்மியை வெளியே தூக்கிப் போட்டிருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "மரமில்ல தங்கச்சி" என்றான், காற்றுப் போன குரலில். "துணிதான். வெள்ளத்தில ஊறின துணி. எனக்குத் தெரியும். விக்கக்குள்ளயும் தெரியும்."

அவள் முறத்தைத் தட்டினாள். "எனக்கும் தெரியும் நானா. ஒங்க வெரல்ல நூலு மாவா உதிர்ந்துச்சு. பார்த்தேனே."

"அப்ப ஏன் நீ சொல்லல்ல?"

"நான் சொன்னா யாரு கேட்டா? அதனாலதானே ஒங்ககிட்ட கேட்டேன்."

"செல்லையா எங்க இருந்தாலும் அங்க வந்து சொல்றேன். இப்பவே வா, ரெண்டு பேரும் போவோம்."

"அவரு கணக்கு முடிச்சுத் துண்டுச்சீட்டு வாங்கிக்கிட்டு வேற தோட்டம் போயிட்டாரு. எந்தத் தோட்டம்னு எனக்கே தெரியாது. இனி யாருக்குச் சொல்லப் போறீங்க?"

அவன் பழுப்புத் துணியை எடுத்து அவள் முன் வைத்தான். விலை சொல்லவில்லை, கதை சொல்லவில்லை. அழகம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இழுத்தாள். மடிப்பை விரித்துக் கட்டைவிரலால் தேய்த்தாள், அன்று அவன் தேய்த்தது போலவே. பிறகு ஒழுங்காக மடித்துத் திரும்ப நீட்டினாள்.

"நல்ல துணிதான். நான் இப்ப தொட்டிலு கட்டுறதில்ல நானா. தரையில கெடந்தா விழறதுக்கு எடமில்லையே."

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "பொட்டணிக்காரரே, என்ன கொண்டாந்தீங்க? கூவாம நிக்கிறீங்க?"

மூன்று லயத்துக்குக் கேட்கும் குரல்காரன் ஒன்றுமில்லையென்று தலையை மட்டும் ஆட்டினான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பையன் விழித்துவிடாதபடி, அந்த லயத்தின் நீளம் முழுக்க வெறுங்காலோடு நடந்தான்.