ஓடைக்கு அந்தாண்டை வந்த உள்ளான்

ராச்சனிக்குப் பறவைப் பைத்தியம் பிடித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்துவிட்டாள். உப்பளத்துக்கு அப்பால், கடற்சேற்றில் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தேன் என்று பறவைக் குழுவில் எழுதிவிட்டாள். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமிருக்கிற பறவை. பல் மருத்துவர் வீராவட் உடனே பதில் போட்டார்: "அது சாதாரணக் கொசு உள்ளான், மூக்குல சேறு ஒட்டியிருக்கும்மா. மொதல்ல உங்க கண்ணாடியத் தொடைங்க." முப்பத்தாறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று காலையிலேயே புருஷன் பிரயூனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சாட்சியோடு அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வைராக்கியம்.

கரையோர மின்கம்பியில் நூற்றுக்கணக்கில் பறவைகள். பறக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; ஆனால் உழவாரன் கம்பியில் உட்காராது, உட்கார்ந்தால் தகைவிலான். அது அவள் முதல் மாதம் கற்ற பாடம். ஆனால் பூச்சி பிடித்துத் திரிய வேண்டிய நேரத்தில் அத்தனையும் கடலைப் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தன. அது ராச்சனிக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை.

மட்டி பொறுக்கும் லம்யாய் கரையில் தன் சேற்றுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறு காலால் உந்தினால் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

"பலகை இல்லாம எங்க போறே தங்கச்சி?"

"அந்த ஓடைக்கு அந்தாண்டதான்க்கா. இங்கேர்ந்து பார்த்தா குருவியெல்லாம் புள்ளியாத் தெரியுது."

"புள்ளியாத் தெரிஞ்சா நல்லது. தானா உன்கிட்ட வந்துச்சுன்னா நிக்காதே, வந்துடு."

"நான் தானா வந்தப்போ இதை யாரும் இவளுக்குச் சொல்லலையே!" என்றான் பிரயூன். லம்யாய் சிரித்தாள். ராச்சனி சிரிக்கவில்லை.

ஓடையில் கணுக்காலளவுதான் தண்ணீர். தாண்டியதும் அவளுக்கு அவன் சிவப்புச் சட்டை கண்ணை உறுத்தியது.

"இதோட நின்னா ஒரு குருவி தங்காது. ஓடைச் சரிவுல எறங்கி உக்காருங்க. நான் கை தூக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்க எசமானி," என்று ஒட்டரிசிப் பொட்டலத்தோடு இறங்கி உட்கார்ந்தான்.

அவள் ஐம்பது அடி தள்ளித் தொலைநோக்கியை நட்டாள். ஒரு கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் தட்டளவு வட்டம்தான். கால் கறுப்பா, மஞ்சளா? மூக்கு நேரா, வளைவா? புத்தகத்தில் தெளிவாக இருந்ததெல்லாம் இங்கே ஒரே சாம்பல் நிறம். பிறகு அது தெரிந்தது. நுனி அகன்ற மூக்கு. வெகுதூரத்தில்.

கொஞ்ச நேரத்தில் கூட்டமே அவள் பக்கம் நடந்து வரத் தொடங்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தனக்கும் ஒரு நல்ல காலம் என்று நினைத்தாள். தகைவிலான்கள் சேற்றை உரசுகிற மாதிரித் தாழ்ந்து, அவள் காதோரமாகக் கரைப்பக்கம் பாய்ந்தன. அவள் திரும்பவில்லை.

"ராச்சனி!"

கையைக் கீழே அசைத்து அடக்கினாள்.

"ராச்சனி, காலு வரமாட்டேங்குது..."

"ஒரே நிமிஷம்!"

இப்போது பத்தடி. சந்தேகமே இல்லை, கரண்டிதான். அது மூக்கைக் கீழே அமுக்கி எடுத்தது. கரண்டி இல்லை. மெல்லிய, நேரான, கறுத்த மூக்கு. வெறும் கொசு உள்ளான். ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீர் கழுவிவிட்டிருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கண்ணை எடுத்தாள். சுற்றிலும் தண்ணீர் மினுமினுத்தது. குருவிகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு கடல் ஏறியிருந்தது. பின்னால் ஓடை நிரம்பி, சிவப்புச் சட்டையில் தோள் மட்டும் தெரிந்தது.

எதை எங்கே போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. விழுந்து எழுந்து ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அவன் இறங்கினான். பதினெட்டு வருஷத்தில் அவன் கேலி பேசாமல் அவள் பார்த்தது அன்றுதான். கரையைப் பார்த்துக் கத்தினாள். லம்யாயும் அவள் நாத்தனாரும் ஆளுக்கொரு பலகையில் வந்தார்கள். பலகைகளை அவன் அக்குளுக்கு அடியில் கொடுத்து, மூச்சுப் பிடித்து முங்கி, காலைச் சுற்றிச் சேற்றைக் கையால் தோண்டினார்கள். அவன் விடுபட்டபோது தண்ணீர் வாயைத் தொட்டிருந்தது.

கரையில் கிடந்தவன் உதடு நீலமாக நடுங்கியது.

"அதுதானா?" என்றான்.

இதற்காகத்தானே செத்துப்போகப் பார்த்தான். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"அதேதாங்க. மூக்கு அப்படியே கரண்டி."

துண்டு எடுக்க வண்டிக்குப் போனாள். திரும்பி வரும்போது, கரையில் விட்டுப்போன அவளுடைய பையிலிருந்து போனை எடுத்து வைத்துக்கொண்டு பிரயூன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பல் டாக்டர் மூஞ்சில கரியப் பூசியாச்சு! நானே சாட்சின்னு எழுதிட்டேன். ஓடைக்கு அந்தாண்டன்னு எடத்தையும் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை குழுவுலேர்ந்து இருபத்திரெண்டு பேரு வர்றாங்களாம்."

ராச்சனி துண்டை அவன் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினாள்.

பலகையைக் கழுவிக்கொண்டிருந்த லம்யாய் நிமிர்ந்தாள்.

"இருபத்திரெண்டு பேரா? எங்ககிட்ட பலகை ரெண்டுதானே இருக்கு."