சத்தமில்லாத ஏசி

ஜூலை பிறந்தும் வெர்லாவும் அவள் கணவன் ஓரினும் மலை ஏறவில்லை. வண்டியில் குடியிருக்கிறவர்கள் யாரும் அரிசோனாவின் பாலைவெளியில் கோடையைக் கழிப்பதில்லை. மே மாதமே பைன் மரக்காட்டுக்கு ஏறிவிடுவார்கள். மேலே பனி விழத் தொடங்கினால்தான் இறங்குவார்கள். பதினோரு வருடமாக இவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். இந்த வருடம் மட்டும் முடியவில்லை. ஓரினுக்குச் செவ்வாய்தோறும் நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு வாரம். நடுவில் ஒரு வாரம் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓரினுக்கு வந்திருந்தது நரம்பு நோய். அந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பில் சூடு ஏறினால் முதலில் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு கை, அதற்குப் பிறகு நாக்கு. குளிரவைத்தால் போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஜூன் மாதத்தை ஈரத்துண்டும் இரண்டு மின்விசிறியுமாக ஓட்டிவிட்டார்கள். வெர்லா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் காலை ஐந்து மணி ஷிஃப்ட் பார்த்தாள். மதியம் ஒன்றரைக்கு வேலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டிலில் கிடக்கிறவனுடைய பேச்சு குழறுகிறதா என்றுதான் முதலில் கவனிப்பாள். ஜூலையில் வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. ஓரின் அவள் பெயரைச் சொல்ல மூன்று தடவை முயன்ற நாளில், கூரையில் ஏசி வைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

எந்த ஏசி என்பதுதான் கேள்வி. வீட்டு ஏசி மாதிரி இது கம்பத்து மின்சாரத்தில் ஓடுவதில்லை. வண்டிக்குள் இருக்கிற பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். கூரைமேல் இருக்கிற சோலார் தகடு சேர்த்துக் கொடுக்கும் மின்சாரத்தை அது குடித்துத் தீர்க்கும். வண்டியை வெயிலில் நிறுத்தினால் தகடு நன்றாக வேலை செய்யும், வண்டி அடுப்பாகிவிடும். நிழலில் நிறுத்தினால் வண்டி தாங்கும், தகடு தூங்கிவிடும். இதற்கு நடுவில்தான் பிழைக்க வேண்டும்.

அவர்கள் நின்றிருந்தது, மூடிக்கிடந்த ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த சரளைமண் காலி இடம். மொத்தம் நான்கு வண்டிகள். அதில் இரண்டில் கூரை ஏசி இருந்தது. ஒன்று கிளீவ் ஹாச்சருடையது. கிளீவ் முப்பது வருடம் குளிர்சாதன லாரிகளைப் பழுது பார்த்தவர், மனைவியை இழந்தவர். லாரிக்காரர்கள் கேபினில் படுத்துத் தூங்குவதற்கு வைக்கும் கறுப்பு ஏசியை அவர் வைத்திருந்தார். இன்னொன்று ஜூனியாவுடையது. வெர்லாவோடு அதே ஆலையில் வேலை பார்க்கிறவள், தன் வண்டியிலேயே வெர்லாவை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வருகிறவள். அவளுடையது வெள்ளை நிறம், தட்டையாக, கூரையோடு ஒட்டிக் கிடக்கும்.

இந்தக் கூட்டத்தில் கடைக்காரன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். வைத்திருக்கிறவனுடைய வண்டியில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் இரண்டு வண்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இன்ஜினை அணைத்து, ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் மறைப்பு வைத்து, இரண்டிலும் உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் மடக்கு நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓரினைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றி, மடியில் ஒரு பை ஐஸையும் வைத்தாள் வெர்லா.

கிளீவின் ஏசி கிளம்பியதும் சரளைக்கல்லே அதிர்ந்தது. ஜூனியாவுடையது ஓடுகிறதா இல்லையா என்று கிட்டப்போய்க் காதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

“கிளீவு, உன் மெஷின் ஓடுனா கல்லறையில கிடக்கிறவன்கூட எழுந்து வந்து சத்தத்தைக் கொறைடாம்பான்” என்றான் ஓரின்.

“வரட்டுமே. வந்தா உள்ள குளுகுளுன்னு இருக்கும், உக்காந்துட்டுப் போகட்டும்” என்றார் கிளீவ்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கிளீவின் வண்டி நூற்றொன்றிலிருந்து எழுபத்துநாலுக்கு இறங்கியிருந்தது. ஜூனியாவுடையது எண்பத்தொன்றில் நின்றது. ஆனால் பேட்டரியைப் பார்த்தால் கிளீவின் ஏசி, வெள்ளை ஏசியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு குடித்திருந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கறுப்பு ஏசி இவ்வளவு குடித்தால் சாயந்திரம்வரை தாங்காது என்று கணக்குப் போட்டாள் வெர்லா. எண்பத்தொன்று போதும், ஓரினுக்கு எண்பத்தைந்துவரை பேச்சு தெளிவாகத்தான் இருக்கும்.

அவள் மனசில் அதைவிடப் பெரிதாக இருந்தது சத்தம். பதினோரு வருடமாக அவர்கள் ஊர் ஊராக ஒளிந்து நின்றவர்கள். வெளிச்சம் தெரியாமல், வாசனை வராமல், கதவை அடித்துச் சாத்தாமல் வாழப் பழகியவர்கள். சத்தம் வந்தால் யாராவது போன் போடுவார்கள், போலீஸ் வந்து ஜன்னலைத் தட்டும், அரை மணி நேரத்தில் கிளம்பச் சொல்லும். சத்தமில்லாத எதுவும் வெர்லாவுக்கு நல்ல பொருள்தான்.

ஜூனியா ஒன்று சொன்னாள். தான் அதை ராத்திரி மட்டும்தான் போடுவதாகவும், பகலில் வண்டியோடு ஆலைக்கு வந்துவிடுவதால் முழுப்பகலும் ஓட்டிப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். வெர்லா அதைக் கேட்டாள். கேட்டும் வெள்ளையையே வாங்கினாள்.

கிளீவ்தான் மாட்டிக் கொடுத்தார். கூரையில் இருந்த மூன்று தகடுகளில் ஒன்றைக் கழற்றினால்தான் ஏசிக்கு இடம் கிடைத்தது. கழற்றிய தகட்டைத் தரையில் சாய்த்து வைக்கலாம்தான், ஆனால் டயர் கடைப் பக்கம் அதெல்லாம் மறுநாள் இருக்காது. இறங்கி வந்து, ஏசியில் இருக்கிற பேட்டரிக் காவல் என்கிற அமைப்பைக் காட்டினார். மேல், நடு, கீழ் என்று மூன்று படி. பேட்டரியில் இருக்கிற மின்சாரச் சரக்கு அந்தப் படிக்குக் கீழே போனால் ஏசி தானாக நின்றுவிடும். சரக்கு திரும்ப ஏறாமல் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் கிளம்பாது.

“கீழ்ப் படியில வெச்சுக்க. இது பழைய ஈய பேட்டரி இல்ல, அடிவரைக்கும் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது.”

சரி என்றாள். சாயந்திரம் தனியாக இருந்தபோது, பாதி சரக்கு மிச்சமிருக்கும்போதே ஏசியை நிறுத்திவிடும் மேல் படியில் வைத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. வண்டி வாழ்க்கையின் முதல் குளிர்காலத்தில் இரண்டு பேட்டரிகளைச் சாகடித்தவள் அவள். பாதிக்குக் கீழே இறக்காதே என்று பார்க்கிறவர்களெல்லாம் திட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பேட்டரி புதிது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. பேட்டரி போனால் ஃபிரிட்ஜ் நிற்கும். ஃபிரிட்ஜில்தான் ஓரினின் ஊசி மருந்து இருந்தது. பாதியை எப்போதும் பத்திரமாக வைத்திருப்பதுதான் குடும்பம் நடத்துகிறவளுக்கு அழகு என்று நினைத்தாள். ஓரினிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பத்து நாள் எல்லாம் சரியாக ஓடியது. ஓரின் படுத்தபடி புத்தகம் படித்தான். ஒருநாள் மதியம் அவள் வந்தபோது, முட்டையும் பீன்ஸும் சேர்த்துக் கிளறி, சோள ரொட்டியில் சுருட்டி வைத்திருந்தான். எழுந்து நின்று சமைத்தானாம்.

“டிரைவரம்மா, இப்படியே போனா மலைக்கு நான்தான் ஓட்டுவேன், நீ பக்கத்து சீட்டு” என்றான்.

“நீ ஓட்டுனா மலை நம்மகிட்ட வந்தாதான் உண்டு” என்றாள். அன்று இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

பதினோராவது நாள் திங்கட்கிழமை. முந்தின சாயந்திரம் புழுதிப் புயல் அடித்தது. பழுப்புச் சுவர் ஒன்று ஊருக்குள் நடந்து வருவது போல வந்து, கால்மணி நேரம் எதையும் கண்ணுக்குக் காட்டாமல் அடித்துவிட்டுப் போனது. மழை வரும் என்று பார்த்தார்கள், வரவில்லை. மறுநாள் விடியுமுன் நாலரைக்கு ஜூனியா ஹார்ன் அடிக்காமல் விளக்கை மட்டும் மினுக்கினாள். தகட்டின்மேல் புழுதி படிந்திருக்கும் என்பது வெர்லாவுக்கு ஞாபகம் வந்தது. இருட்டில் கூரைமேல் ஏற வேண்டாம், வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிப் போனாள். ஓரின் தூக்கத்தில் கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

ஆலையில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து, வண்டிக்குள் இருக்கிற சூட்டைக் காட்டும் ஏசியின் செயலியைப் பார்த்தாள். வண்டிக்குள் எழுபத்தொன்பது என்று காட்டியது. நிம்மதியாகப் பூட்டிவிட்டு நீராவிக்குள் போனாள். ஒன்றரைக்குத் திரும்ப எடுத்தபோது ஓரினிடமிருந்து நாலு அழைப்புகள் கிடந்தன. நாலும் பத்தரைக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவில் வந்தவை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வண்டிக்குள் நூற்றுப் பதினேழு.

ஜூனியா சிவப்பு விளக்குகளில் நிற்காமல் ஓட்டினாள். வழியெல்லாம் வெர்லா ஓரினுக்குப் போன் போட்டபடியே இருந்தாள். அவசர உதவிக்கும் போன் போட்டாள், இடத்தைச் சொன்னாள். இடத்தைச் சொல்ல நாக்கு ஒருகணம் தயங்கியது என்பதை அவள் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை. ஓரின் ஏன் அந்த எண்ணைத் தட்டவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. முன்னே ஒரு ஊரில் அவனுக்கு மூச்சு முட்டியபோது அவர்கள் அழைத்தார்கள். ஆம்புலன்ஸோடு போலீசும் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வண்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. ஓரின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தான். ஏசியின் ரிமோட் கைக்குள் இருந்தது. தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. வெர்லா அவனை வெளியே இழுத்தாள், ஜூனியா தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தாள். கிளீவ் ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தார். ஆம்புலன்ஸில் வந்த ஆட்கள் இருபது நிமிடம் அவன் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று ஒரு இளம்பெண் மெதுவாகச் சொன்னாள். அதிகாரிகள் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாலரை மணிக்கு அவனைக் கொண்டுபோனார்கள். கூடவே போக முடியாது, நாளைக்கு வரச் சொன்னார்கள்.

ஜூனியா உணவு வாங்கி வருகிறேன் என்று போனாள். தார்ப்பாய்க்கு அடியில் வெர்லாவும் கிளீவும் மட்டும் இருந்தார்கள். கிளீவ் காலி ஐஸ் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்.

“பதினொன்றரை மணிக்கு உன் வண்டிப் பக்கமாத்தான் தண்ணி எடுக்கப் போனேன். ஏசியிலேர்ந்து தண்ணி சொட்டலைங்கிறதைப் பார்த்தேன். பார்த்தேன் வெர்லா. அவனே அணைச்சிட்டுப் படுத்திருக்கான்னு நெனச்சேன். திரை மூடியிருந்துச்சு.”

திரை மூடியிருந்தால் தட்டக்கூடாது. வண்டிக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் அது. கதவைத் தட்டுகிறவன் போலீஸாகத்தான் இருப்பான், நம் ஆள் தட்ட மாட்டான். பதினோரு வருடத்தில் வெர்லாவும் மூடின திரையைத் தட்டியதில்லை.

“நானா இருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்” என்றாள்.

“கறுப்பு மெஷினா இருந்து நின்னிருந்தா இந்தத் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார் கிளீவ். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தகட்டில் எவ்வளவு புழுதி இருந்தாலும் அந்தப் பேட்டரி இரண்டு மணிவரைக்கும் தாங்கியிருக்க வேண்டுமே, எங்கே போயிற்று என்று தெரியவில்லை, நாளைக்கு ஒயரையெல்லாம் பார்க்கிறேன், நான் மாட்டியதில்தான் ஏதோ தப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

வெர்லா அவரைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்துவிட்டால் அந்த மனுஷன் தன் கைவேலையில்தான் ஒரு ஆள் செத்தான் என்று நம்பிக்கொண்டே மிச்ச நாளைக் கழித்துவிடுவார். யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

“ஒயரைப் பார்க்க வேணாம் கிளீவு. நான் மேல் படியில வெச்சிருந்தேன்.”

கிளீவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு என் வண்டியில் படுத்துக்கொள், நான் வெளியே கிடக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

ஆறு மணி ஆகியும் வெளியே நூற்றொன்பது. உள்ளே போனால் நிற்க முடியவில்லை. அவளுக்கு இருந்த வீடு அது ஒன்றுதான். ரிமோட்டைத் தரையிலிருந்து எடுத்தாள். பேட்டரியைப் பார்த்தாள், ஐம்பத்தாறு சதவீதம் என்று காட்டியது. காவலைக் கீழ்ப் படிக்குக் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினாள். ஏசி ஒரே அழுத்தலில் கிளம்பியது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, தார்ப்பாய்க்கு அடியில் அவனுடைய சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வேறு நாற்காலி எடுத்துப்போடத் தெம்பில்லை.

ஏசியின் சத்தம் கேட்கவில்லை. ஓடுகிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. உள்ளே எண்பத்துநாலு. பேட்டரியில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.