மார்க்கர் எரிந்த காலை

காலை ஆறே முக்காலுக்கு உலை அறையில் இருந்தவர்கள்: மெட்டீரியல் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கும் என் தங்கை, அவளோடு சேர்ந்து பிராஜெக்ட் செய்யும் ‘நிதானம்’ (பட்டப்பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை), அதே படிப்பை ரெண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு அதே கட்டடத்துக்கு இரவுக் காவல் பார்க்கும் நான், வாளித் தண்ணீரில் கிடந்த மூன்று எஃகுத் துண்டுகள்.

துண்டுகள் மூன்றும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒன்றில் கார்பன் குறைவு, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் அதிகம். எது எதென்று அறையில் யாருக்கும் தெரியாது.

“எழுதித்தானே உலைக்குள்ள வச்சோம்,” என்றான் நிதானம்.

“எதால எழுதினே?”

“மார்க்கர்லண்ணே. பர்மனென்ட்.”

“எண்ணூத்தம்பது டிகிரியிலயா?”

தங்கை அவனைப் பார்த்த பார்வைக்கு உலையே தேவலை. எட்டு மணிக்குப் பேராசிரியர் வருவார். துண்டுகளை இன்னதென்று சொல்லத் தெரியாவிட்டால் பேப்பர் போச்சு, அடுத்த வருடம் முதலிலிருந்து. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் படிப்பை முடிக்கவில்லை. அவளுக்கும் என் முகஜாடைதான்.

“குத்துமதிப்பா சீட்டு ஒட்டிடலாமா?” என்றான் நிதானம்.

“நீ கட்டுற பாலத்துல நான் காலை வைக்க மாட்டேன்,” என்றாள்.

நான் மேசை இழுப்பறையிலிருந்து அரத்தை எடுத்தேன். “சூட்டோட தண்ணியில போட்டா, கார்பன் கூட இருக்கிறதுதான் கூட இறுகும்.”

“தெரியும். ரெண்டாம் வருஷப் பாடம். அன்னிக்கு நீ கிளாஸுக்குப் போனியாக்கும்?”

“அன்னிக்கு மட்டும் போனேன்.”

முதல் துண்டை அரம் சுலபமாகக் கடித்தது. இரண்டாவதில் முனகிக்கொண்டே லேசாகக் கீறியது. மூன்றாவதில் கண்ணாடியில் நகம்போல வழுக்கிக்கொண்டு போனது. முதலாவதில் ஒரு கோடு போட்டேன். அடுத்ததில் படாத பாடு பட்டு இரண்டு.

“மூணாவதுல?” என்றான் நிதானம்.

“அதுல கோடு விழாது. அதான் அதுக்கு அடையாளம்.”

ஏழு மணிக்கு லேப் டெக்னீஷியன் வந்தார். அரத்தைப் பார்த்தார், என் சீருடையைப் பார்த்தார். தங்கை எதையும் மறைக்கவில்லை. மார்க்கர், அரம், அண்ணன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் துண்டுகளின் கரியைத் தேய்த்து எடுத்து, கடினம் அளக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்தார். இருபத்தொன்று. ஐம்பத்திரண்டு. அறுபத்துமூன்று.

தங்கை அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சரியாத்தான் பிரிச்சிருக்கீங்க. நடந்ததை அப்படியே ரிப்போர்ட்ல எழுதும்மா.”

“அண்ணன் பேரையும் போடணுமா சார்?”

“போட்டா அவன் வேலை போயிடும். அரம்னு மட்டும் போடு.” என் பக்கம் திரும்பினார். “ஏழு வரைக்கும் நீ காவல்காரன். இப்ப வெளியாள். கிளம்பு.”

கிளம்பினேன்.

“அரத்தை வச்சுட்டு.”

பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தேன். நிதானம் சிரித்தான், தங்கையும். நான் வெளியே கால் வைத்ததும் அவர் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.