பதினான்கு படங்கள்

மேனேஜர் உட்கார்ந்ததும் முழங்கால் மேஜையில் இடித்தது.

"நெட்டையன் இந்த நாற்காலியில எப்படித்தான் உக்காந்தானோ!" என்று காலைத் தடவிக்கொண்டார்.

தங்கை மேஜையோரம் நின்றிருந்தாள். அண்ணன் கூடத்தில் கிடந்தான். பெஞ்சைத் தாண்டிப் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கு அமரர் ஊர்தி வந்துவிடும். தொழிற்சாலையில் பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரம் காலையிலிருந்து நின்றுபோயிருந்ததால், துக்கம் கேட்க வந்த கையோடு மேனேஜர் லேப்டாப்பையும் கேட்டிருந்தார்.

அண்ணனின் வேலை அதுதான். திரையில் சின்னச் சின்னப் படங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைத்தால், இயந்திரம் அதன்படி ஓடும். விரல்கள் மரத்துப்போன பிறகு எட்டு மாதமாக அவன் படுத்தபடி சொன்னான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட தங்கை செய்தாள். அவளுக்காகவே திரையிலிருந்த கருவிப் பலகையை மாற்றியமைத்தான். ஆங்கிலப் பெயர்கள் போய்க் குழாய், மணி, பூட்டு என்று பதினான்கு படங்கள் வந்தன.

"இவ்வளவுதான். இதுக்கு மேல இதுல ஒண்ணுமே இல்ல" என்றான்.

கடைசி மூன்று மாதம் அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் ஒன்றை மட்டும் சொன்னான்: "நீதான் செய்யறேன்னு அடுத்த மாசம் ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"என்ன கண்றாவி இது, பாப்பா புத்தகம் மாதிரி! டைமர் எங்க?" என்றார் மேனேஜர்.

"மூணாவது வரிசை. மணி படம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

வாசற்படியில் நின்ற அம்மா முந்திக்கொண்டாள். "தண்ணி குடுக்க, மாத்திரை குடுக்கன்னு பக்கத்துலயே கெடப்பா சார். கடைசி வரைக்கும் எல்லாம் அவனேதான் செஞ்சான்."

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மகளை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"செஞ்சிருக்கான், சும்மா சொல்லக் கூடாது. இனி இந்த மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றபடியே மேனேஜர் எதையோ அழுத்தினார்.

தங்கை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "சார்..."

திரையில் பதினான்கு படங்களும் மறைந்தன. அந்த இடத்தில் பழைய பலகை விரிந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. மேனேஜர் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. நூறு இருக்குமா, ஐந்நூறா? அவள் பார்த்தே இராத, பெயர் தெரியாத படங்கள்.

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல சார். சார்ஜர் அலமாரியில இருக்கு, எடுத்துத் தரேன்."

அரை மணியில் வேலை முடிந்தது. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு, கூடத்தில் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு அவர் போனார்.

"அந்த நாற்காலிய இங்க கொண்டா. பெரியப்பா எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றாள் அம்மா.

தங்கை அதில் ஏறி உட்கார்ந்து பக்கத்துப் பிடியை இழுத்தாள். மேஜை எட்டுவதற்காக அவள் உயர்த்தி வைத்திருந்த இருக்கை மெல்ல இறங்கியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவள் பாதங்கள் தரையைத் தொட்டன.