எண்பத்து மூன்றாவது கருவி

அந்த ஆண்டு அரசுக்குப் போன அறிக்கையில் எண்பத்து மூன்றாவது நச்சுக் கருவியாகப் பதிவானவர் ஒரு மனிதர். எடை அறுபத்தொரு கிலோ, எண்ணெயில் நச்சின் அளவு பத்து லட்சத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பங்கு, இருக்கும் இடம் மின்கிடங்கின் பின்புறம் நான்காம் எண் வீடு. மற்ற எண்பத்திரண்டும் டிரான்ஸ்ஃபார்மர்களும் கெப்பாசிட்டர்களும். அவற்றை எழுதிய அதே நீல மையில், அதே சாய்வில்தான் கிடங்கின் பதிவெழுத்தர் அவரையும் எழுதினாள். எழுதிவிட்டு மை காய இரண்டு முறை ஊதினாள்.

முப்பத்தொரு வருடம் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எண்ணெய் மாற்றிய அவர் எல்லோருக்கும் எண்ணெய் அண்ணன். தீயே பிடிக்காத எண்ணெய் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய சரக்கு அது. கையுறை கேட்டால், பச்சைக்குழந்தையா நீ என்று மேஸ்திரி சிரிப்பார். அது நஞ்சு என்று பிறகு தெரிந்து சட்டம் வந்தது. எண்ணெய் உள்ள ஒவ்வொரு கருவியையும் சோதித்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். சோதனை அதிகாரி வந்த அன்று நல்ல வெயில். மாதிரிக் குப்பிகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த எண்ணெய் அண்ணன் நெற்றியை வழித்து உதற, வேர்வை ஒரு காலிக் குப்பிக்குள் விழுந்தது. கவனிக்காமல் அதற்கும் மூடி போட்டு அனுப்பிவிட்டார்கள். முடிவு வந்தபோது எண்பத்திரண்டு கருவிகளுக்கு எண்பத்து மூன்று குப்பிகள் இருந்தன. மறுபடி சோதித்தார்கள், மூன்றாம் தடவை விரலில் குத்தி எடுத்தே சோதித்தார்கள். அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அவருடைய சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்தாலும் எறும்பு அண்டுவதில்லை. மழையில் நடந்து வந்தால் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓடிவிடும். பக்கத்தில் நின்றால் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அவர் ஏதோ பாட்டு முனகுகிறார் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அதிகாரி கெட்டவர் அல்ல. சட்டப் புத்தகத்தைப் பதிவெழுத்தரிடமே திருப்பிக் காட்டினார். “இரும்பா இருக்கணும்னு எங்கயும் போடலையேம்மா. மூணு லிட்டருக்கு மேல எண்ணெய் இருந்தா கருவி. இவர்கிட்ட நாலு இருக்கு.” அவளும் தேடிப் பார்த்தாள், போடவில்லைதான். அளந்ததை எழுதுவது அவள் வேலை. அவள் கையால் ஏறியது இருபது வருடத்தில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை.

ஒரு பதிவு ஏறிவிட்டால் அதன் பின்னால் விதிகள் வரிசையாக வரும். சட்டைப் பையில் மஞ்சள் சீட்டு, கதவில் மஞ்சள் சீட்டு. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல். ஐந்து மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதால் மரக்கட்டில் போயிற்று, திரைச்சீலை போயிற்று, அடுப்பு போயிற்று. இரும்புக் கட்டில் வந்தது, கேன்டீனிலிருந்து எவர்சில்வர் தூக்கில் சாப்பாடு வந்தது. வீட்டு வாசலைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு ஒருமுறை வந்தாள். கோட்டுக்கு வெளியே நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாசற்படியில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தை வெயிலில் சிணுங்கியது. “சரிம்மா, கிளம்பு,” என்றார். பிறகு கடிதம்தான்.

கடிதமும் காகிதம், எரியக்கூடியது. ஆகவே பதிவெழுத்தர் கோட்டுக்கு வெளியே நின்று படித்துக் காட்டுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசிவுச் சோதனைக்கு வரும்போது அதையும் சேர்த்துச் செய்தாள். வெள்ளைப் பருத்தித் துணியால் கருவியின் பரப்பு முழுவதும் அழுத்தித் துடைத்து, கறை உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. நெற்றி, கன்னம், கழுத்து, இரண்டு கைகள். முதல் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன்னை யாரும் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று அவளும் அன்று வீடு போகும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். கூடப்பிறந்த அண்ணன் குடும்பம் கடல் கடந்து போனபின் அவள் தனிக்கட்டை. மதியச் சாப்பாட்டைக் கோப்பு அலமாரியைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிப்பவள். பதிவேட்டில் ‘கசிவு இல்லை’ என்று எழுதினாள். மூன்று மாதம் கழித்தும் அதையே எழுதினாள்.

மகளின் கடிதங்கள் இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றாகி, ஒன்றிலிருந்து நாலு வரியாயின. ஒருநாள் வந்த கடிதத்தில் பையனுக்குப் பல் முளைத்த செய்தி மட்டும் இருந்தது. படித்து முடித்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துப் படித்தாள்: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா, எப்போதும் உங்கள் நினைவுதான்.

ரீங்காரம் மட்டும் கேட்டது.

“என் பொண்ணு அப்படியெல்லாம் எழுத மாட்டா, மேடம்,” என்றார். “பரவாயில்ல. இன்னொரு தடவை படிங்க.”

அவள் இன்னொரு தடவை படித்தாள்.

அவருக்கு ஓய்வு வயது வந்தபோதுதான் விதியின் அடுத்த பக்கம் திரும்பியது. பயன்பாட்டிலிருந்து விலக்கிய கருவியை ஒரு வருடத்துக்குள் உலைக்கு அனுப்பிவிட வேண்டும். ஐந்நூறு பங்குக்கு மேல் நச்சு இருந்தால் ஆயிரத்து இருநூறு டிகிரி உலை. வண்டி வரும் தேதி குறித்த கடிதம் மற்ற பதினான்கு கருவிகளுக்கான கடிதத்தோடு சேர்ந்தே வந்தது. எண்ணெய் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, சட்டையோடு போக வேண்டுமா, சீட்டு மட்டும் போதுமா என்று விசாரித்தார். எழுதினவள் அவள்தானே. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். அளந்த அளவை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. சட்டப் புத்தகத்தைப் பதினோரு நாள் கரைத்துக் குடித்தாள். பன்னிரண்டாம் நாள் கிடைத்தது: பயன்பாட்டில் உள்ள கருவி, அதன் ஆயுள் முடியும்வரை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

மறுநாள் ஒரு பல்பும் இரண்டு முழம் வயரும் கொண்டுபோனாள். வயரின் நுனியை அவர் விரல்களில் சுற்றினாள். பல்பு எரிந்தது. பின்சந்தில் பல வருடமாக விளக்கில்லாத கம்பம் ஒன்று இருந்தது. இன்னும் வயர் வாங்கி நீட்டி அதுவரை இழுத்துக் கட்டினாள். மாலை ஆறரைக்கு அவர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து வயரைக் கையில் பிடித்தால் சந்து வெளிச்சமாகும். ஒன்பதரைக்கு விடுவார். அதிகாரி வந்து பார்த்தார், கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், மீட்டரை வைத்தும் பார்த்தார். பயன்பாட்டில் உள்ளது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பதினான்கு கருவிகளை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. அந்தச் சந்தில் இருந்தவர்கள் புது விளக்கு நன்றாக எரிகிறது என்றார்கள். எங்கிருந்து எரிகிறது என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்தத் தடவை சோதனைக்கு வேறொரு எழுத்தர் போனார். நீளக் குச்சியின் நுனியில் துணியைக் கட்டித் துடைத்துவிட்டு வந்தார். அதற்கும் மூன்று மாதம் கழித்து அவள் போனபோது எண்ணெய் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தைத் துடைத்த துணியில் மஞ்சள் கறை படிந்தது. இடது கண்ணின் ஓரத்திலிருந்து எண்ணெய் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

“எப்போலேர்ந்து?”

“நீங்க வராம இருந்தப்போலேர்ந்து. நீங்க கடைசியா வந்ததுக்கும் இன்னைக்கும் நூத்தி எண்பத்தி மூணு நாள், மேடம். எண்ணிப் பாத்தேன்.”

அவள் துணியை மடித்து உறையில் போட்டாள், உறையில் தேதி எழுதினாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே போய் நின்று, பக்கத்தைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தாள். கசிவு கண்டால் இரண்டு நாளுக்குள் பழுது பார்க்கத் தொடங்க வேண்டும். கசிவு முழுவதும் நிற்கும்வரை கருவியைத் தினமும் சோதிக்க வேண்டும்.

“தினமுமா?” என்றார் அவர்.

“தினமும்.”

“ஞாயித்துக்கிழம?”

“ஞாயித்துக்கிழமன்னு விதிவிலக்கு ஒண்ணும் போடல.”

அன்றிலிருந்து அவள் தினமும் போனாள். முகம் துடைத்தாள், கழுத்து துடைத்தாள், கை துடைத்தாள். பிறகு கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து தூக்கைத் திறந்து சாப்பிட்டாள். அவரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேன்டீன் குழம்பில் உப்பு கூடியது, குறைந்தது பற்றிப் பேசினார்கள். பேசாமலும் இருந்தார்கள். ஆயிரம் டிரான்ஸ்ஃபார்மரின் கசிவை ஒரு விரலால் தடவிப் பார்த்து நிறுத்தியவருக்குத் தன் கசிவை நிறுத்த மட்டும் வழி தெரியவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. வருடங்கள் போயின. மற்ற கருவிகள் ஒவ்வொன்றாக உலைக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் பதிவேட்டில் எஞ்சியது ஒரே ஒரு வரி. அவள் ஓய்வுபெற்றாள். ஒரு வரிக்காக இன்னொருவரை நியமிக்க முடியாது என்று பதிவேட்டை அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள்.

அதே அதிகாரி, நரைத்துப்போய், ஒருநாள் ஆய்வுக்கு வந்தார். இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பதிவுகளை உட்கார்ந்து புரட்டினார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியையும், படியில் உட்கார்ந்திருந்தவரின் ஈரமான கன்னத்தையும் பார்த்தார்.

“ஏழு வருஷமா இந்தக் கசிவ சரிபண்ண முடியலையாம்மா?”

“வேல நடந்துக்கிட்டிருக்கு சார்,” என்றாள் அவள்.

அவர் பேனா மூடியைக் கழற்றி, ‘பணி நடைபெறுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறு ஆண்டு வந்த புதிய படிவத்தில், கசியும் இடம் என்ற தலைப்பின் கீழ், வால்வு, மூடி, வெல்டிங் இணைப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, இடது கண் என்றும் ஒரு கட்டம் அச்சாகியிருந்தது.