டிக்கியில் இருந்த சீனிப் பை

ரப்பர் பூட்ஸைக் கழுவித் துடைத்துக் காலில் மாட்டி, மேலுக்குக் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மண்டபத்துக்குள் நுழைந்ததைக் கண்டதும் வாகீசன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி ஜெயமலரின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றவர், கையில் இருந்த பூவைப் போடவும் மறந்துபோனார்.

வந்தவர் கோர்டன். ஜெயமலர் பத்தொன்பது வருஷம் வேலை செய்த மாட்டுப் பண்ணையின் முதலாளி. பால் மாடு என்றாலாவது போகட்டும் என்று விடலாம், இது இறைச்சிக்கு வளர்க்கிற மாடு. இந்தச் சங்கதி வாகீசனுக்கும் மகள் யதுஷாவுக்கும் அக்கா பிரதீபாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருலகத்தைப் பொறுத்தவரை ஜெயமலருக்குப் பிறம்ரன் நகரத்தில் ஒரு கம்பனியில் ‘ஒஃபீஸ் வேலை’. வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பிறகு எழும்பவேயில்லை. வெள்ளிக்கிழமை போட்ட மரண அறிவித்தலிலும் அந்த ஒஃபீஸ் வேலைதான் இருந்தது. போடச் சொன்னவர் அக்கா. தலையாட்டினவர் வாகீசன்.

“தம்பி, உந்தாள் கதைக்கப் போகுது போல கிடக்கு,” என்று அக்கா காதுக்குள் குசுகுசுத்தார். “குருக்கள் நிக்கிறார், கோயில் ஆக்கள் நிக்கினம். கூட்டிக்கொண்டுபோய் வெளியில விடு. மானம் போகப்போகுது.”

வாகீசன் இரண்டடி வைப்பதற்குள் கோர்டன் மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பெரியாக்களுக்காக யதுஷா தமிழில் சொன்னாள்.

“ஏழெட்டு வருஷத்துக்கு முதல், மைனஸ் ட்வென்ரி சிக்ஸ். ஸ்னோவில ரோட் எல்லாம் க்ளோஸ். ஒரு மாடு கன்று போட்டது. அதுக்குப் பிறகு மாட்டின்ர… அந்த…” அவளுக்கு வாய் நின்றுவிட்டது. “அப்பா, யூற்றரஸுக்குத் தமிழ் என்ன?”

மண்டபமே வாகீசனைத் திரும்பிப் பார்த்தது. வேண்டாம், வேண்டாம் என்று அக்கா தலையை ஆட்டினார். தான் வாய் திறக்காவிட்டால் கதை இதோடு நின்றுவிடும் என்று வாகீசனுக்குத் தெரியும். பெட்டிக்குள் பார்த்தார். ஜெயமலரின் விரல் முட்டிகள் காய்த்துக் கிடந்தன. நகங்கள் வழக்கம்போல ஒட்ட வெட்டியிருந்தன. கலியாண வீடுகளுக்குக்கூட நகம் வளர்க்க மாட்டாள் என்று அக்கா எத்தனை தரம் நொட்டை சொல்லியிருப்பார்!

“கருப்பை,” என்றார். சத்தம் காணாது போலிருந்தது. “மாட்டின்ர கருப்பை. தலையணை உறையை உள்பக்கம் வெளியால பிரட்டின மாதிரி முழுக்க வெளியால வந்திட்டுது. சொல்லு பிள்ளை.”

மிருக வைத்தியர் வந்துசேர இரண்டு மணித்தியாலம் ஆகும். அதுவரைக்கும் மாடு தாங்காது, சுட்டுவிடுவோம் என்று கோர்டன் துவக்கை எடுத்துவிட்டாராம். ஜெயமலர் விடவில்லை. போட்டிருந்த ஜக்கெற்றைக் கழற்றி வெளியே கிடந்த கருப்பைக்குக் கீழே விரித்தாள். இளஞ்சூட்டுத் தண்ணியால் கழுவினாள். பிறகு நாலு கிலோ சீனியை அதன்மேல் கொட்டினாள்.

“சீனியோ?” என்று முன்வரிசையில் இருந்த பஸ்ரியன் அண்ணை கேட்டேவிட்டார்.

“சீனிதான் அண்ணை!” யதுஷா வாய் திறக்க முந்தி வாகீசன் சொன்னார். “வீக்கத்தில இருக்கிற தண்ணியை அது இழுத்திடும், பை சுருங்கும். பிறகு மாட்டின்ர பின்னங்கால் ரெண்டையும் பின்னுக்கு நீட்டிவிட்டு, கையைப் பொத்திக்கொண்டு முட்டியால மெல்ல மெல்லத் தள்ளவேணும். விரல் பட்டால் கிழிஞ்சுபோகும். உள்ளுக்குப் போனாலும் காணாது, கடைசி மடிப்பு வரைக்கும் நிமிரவேணும். இல்லாட்டித் திரும்பவும் வந்திடும்.”

அவருக்கே அதிசயமாக இருந்தது. அன்றைக்குப் பின்னேரம் ஜெயமலர் வாசலில் நின்று இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல, “முதல்ல போய்க் குளிச்சிட்டு வா, மாட்டு நாத்தம்,” என்றவர் இவர்தான். ஒரு சொல் விடாமல் காதுக்குள் கிடந்திருக்கிறது.

கோர்டன் மிச்சத்தைச் சொன்னார். வைத்தியர் வந்து கருப்பை சுருங்க ஒரு ஊசியும் கல்சியமும் போட்டதோடு சரி. ‘இது ஆர் செய்தது?’ என்று அவர் கேட்க, கோர்டன் ஜெயமலரைக் காட்டினாராம். எப்படியும் அந்த மாட்டை இறைச்சிக்கு அனுப்பத்தான் இருந்திருக்கிறார். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை.

“கன்று போட முந்தி பிறப்பு வழி வெளியால வாறது வேற,” என்று வாகீசன் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். “அதெண்டால் அடுத்த முறையும் வரும், கன்றுகளுக்கும் போகும். அதை வைச்சிருக்கக் கூடாது. இது கன்று பெரிசு, கல்சியம் குறைவு, அதால வந்தது. இதை வைச்சிருக்கலாம் எண்டு இவ சொன்னவ.”

“ஏழு கன்று,” என்று கோர்டன் சொன்னதை யதுஷா தமிழில் சொன்னாள். “அந்த மாடு அதுக்குப் பிறகு ஏழு கன்று போட்டதாம். ஒண்டிலயும் ப்ரொப்ளம் இல்லையாம்.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கோர்டன் பெட்டிக்குக் கிட்டப் போய், ஜெயமலரின் விரல் முட்டிகளை ஒருதரம் தொட்டுவிட்டு இறங்கினார்.

“உவ ஒருநாளும் சொல்லேல்லையே!” என்றார் பஸ்ரியன் அண்ணை.

“நாங்கள் சொல்ல விடேல்லை அண்ணை,” என்றார் வாகீசன். ஆனாலும் தலை நிமிர்ந்துதான் நின்றது. இப்படி ஒருத்தியோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் நான் என்று அந்த மண்டபத்துக்கே கூவவேண்டும் போலிருந்தது.

உடலை எரித்துவிட்டு வோபர்னில் இருந்த வாகீசன் வீட்டுக்கு வந்து எல்லாரும் குளித்து முடிய, பக்கத்து வீட்டு நிதுசன் குசினியில் தேத்தண்ணி ஊற்றினான். சீனிப் போத்தலில் ஒரு கரண்டிகூட இல்லை.

“அங்கிள், அன்ரியின்ர காரைத் தள்ளி விடேக்க பாத்தனான். டிக்கியில பெரிய பாக் சீனி கிடக்கு. எடுக்கட்டோ?”

“வேண்டாம் தம்பி.” வாகீசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “அது வீட்டுச் சாமான் இல்லை, அவவின்ர வேலைச் சாமான். நாளைக்குப் பண்ணைக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். மார்ச்சில பன்ரெண்டு மாடு கன்று போட இருக்கெண்டு சொன்னவ.”

நிதுசன் தேத்தண்ணித் தட்டை அப்படியே எல்லாருக்கும் நீட்டினான். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிற பிரதீபா அக்கா கையை நீட்டி ஒரு கோப்பையை எடுத்தார். ஊதி ஊதி, ஒரு சொட்டு விடாமல் வெறுந் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.